இனிஷியல் யாருடையது?

வணக்கம்.

இங்கே வருவதற்கு ஓர் ஆட்டோ பிடித்து, "அவ்வை சண்முகம் சாலை வழியாகப் போங்கள்" என்றேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "லாயிட்ஸ் ரோடுதானே?" என்றார். ஆமாம் என்றேன். சென்னையில் ஒரு நாடக நடிகரின் பெயர் பலகையில் ஏறிவிட்டது. ஓட்டுநரின் வாயில்தான் இன்னும் ஏறவில்லை.

மேடைக் கலைஞர்களான அண்ணன் தம்பிகள், அவர்கள் வீட்டு ரகசியம், அவர்கள் அடைந்த புகழ் ஆகியவற்றை வைத்து ஒரு சிரிப்பு நாவல் எழுதுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எழுதத் தொடங்கி நூறு பக்கத்தில் திணறிக்கொண்டிருப்பவன் நான். அதனால் உபதேசம் கிடையாது. எனக்குக் கிடைத்த ஒரே சாவி இனிஷியல். அதை மட்டும் சொல்கிறேன்.

நாடக மேடையின் டி.கே.எஸ். சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நான்கு பேர். 'கே' என்பது அப்பா கண்ணுசாமி. அவரும் நடிகர்தான், ஸ்திரீ பார்ட், அதாவது பெண் வேடம். 1918இல் பிள்ளைகளோடு மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்கள் நடிக்கும் நாடகக் குழுவில், சேர்ந்தார். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. சரி, அந்த 'எஸ்' யார்? சங்கரனும் டி.கே.எஸ்., சண்முகமும் டி.கே.எஸ். முத்துசாமி டி.கே.எம்., பகவதி டி.கே.பி. ஆனால் நோட்டீஸில் நால்வரும் அந்த ஓர் எழுத்துக்குள் குடித்தனம். அவர்கள் இதைப் பொருட்படுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாவல் எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் கெட்ட புத்தி வேண்டும். என் கதையில் வரும் 'எம்'மும் 'பி'யும் முதல் அத்தியாயத்திலேயே திண்ணையில் உட்கார்ந்து, அந்த 'எஸ்' மூத்தவருடையதா, மூன்றாமவருடையதா என்று விவாதிக்கிறார்கள். இருநூறு பக்கம் போனாலும் முடியாத விவாதம் அது.

பிறகு சண்முகம் ஔவையாராக நடித்தார். அப்பா சேலை கட்டிய மேடையில் மகனும் சேலை கட்டினார். அப்பாவின் எழுத்து நின்ற இடத்தில் தாம் நடித்த கிழவியின் பெயரே வந்து நின்றுகொண்டது. அந்தக் கிழவிதான் இன்று சாலைக்கும் பெயர்.

பாய்ஸ் கம்பெனி என்பதே நகைச்சுவைக்கும் கண்ணீருக்கும் நடுவே நிற்கிற இடம். மகரக்கட்டு உடைகிற வயது வந்துவிட்டால் போயிற்று. நேற்றுவரை பாலபார்ட்டில், அதாவது சிறுவன் வேடத்தில், பாடிக் கைதட்டல் வாங்கியவன் இன்று வாயைத் திறந்தால் தவளை. அவனுடைய பாட்டு, அவனுடைய சரிகை உடுப்பு, சில சமயம் அவனுக்குத் தனியாக வைக்கப்பட்ட பால் டம்ளர்கூட, இன்னும் குரல் உடையாத தம்பிக்குப் போய்விடும். ஒரே பாயில் படுத்துத் தூங்குகிறவர்கள் அவர்கள். அன்றிரவு அந்தப் பாயில் என்ன பேசியிருப்பார்கள்? எனக்கு அதுதான் நாவல்.

நம் காலத்துக்கு வருவோம். கிரேசி மோகன் கிண்டியில் பொறியியல் படித்தவர். 1976இல் எஸ்.வி. சேகருக்காக எழுதிய நாடகத்தின் தலைப்பிலிருந்துதான் அந்தக் 'கிரேசி' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979இல் சொந்தக் குழு. நாயகிக்கு எப்போதும் ஜானகி என்று தம் ஆசிரியையின் பெயர், நாயகன் மாது. மாதுவாக நடித்தது தம்பி பாலாஜி. ஊர் இன்றும் அவரை மாது பாலாஜி என்றுதான் அழைக்கிறது. அண்ணனுக்கு முன்னால் ஒரு நாடகம், தம்பிக்கு முன்னால் ஒரு கதாபாத்திரம். அப்பாவின் எழுத்தை இருவரிடமும் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2019இல் மோகன் மறைந்தபோது, அந்த ஆயிரம் சிரிப்புகளுக்கு நடுவே வளர்ந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் சிரிப்பு நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களின் கதையும் அண்ணன் தம்பிக் கதைதான். மூத்தவர் சிக்கோவுக்குச் சூதாட்டப் பைத்தியம். அவருடைய கடனுக்கு உதவவே, ஓய்ந்திருந்த தம்பிகள் 1946இல் மறுபடியும் சேர்ந்து ஒரு படம் நடித்தார்கள் என்பார்கள். நம் ஊர் கூட்டுக் குடும்பம் என்று நினைத்துவிடுவோம்.

இனி ரகசியம். துப்பறியும் கதையில் அது யாருக்கும் தெரியக் கூடாது. சிரிப்புக் கதையில் ஒரே ஓர் ஆளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. திருவல்லிக்கேணியில் நாங்கள் இருந்த ஒண்டுக் குடித்தனத்தில் பலகுரல் செய்யும் சகோதரர்கள் இருவர் இருந்தார்கள். அண்ணன் மைக் முன்னால் நிற்பார். அவர் ரயில் விட்டால் கோயில் திருவிழாவே எழுந்து நிற்கும். உண்மையில் ரயில் விட்டது படுதாவுக்குப் பின்னால் இருந்த தம்பி. அண்ணனுக்கு ஒரு சைக்கிள் மணிகூட வராது. குழாயடிவரை எல்லோருக்கும் தெரியும்.

பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் ரயில் கேட்டுவிட்டார். தம்பி தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்த் திரைக்குப் பின்னால் நின்று ரயிலை விட்டார். சம்பந்தம் முடிந்தது. வந்த அண்ணிக்கு இது தெரியாது என்று முப்பது வருடம் குடித்தனமே கட்டிக்காத்தது.

அண்ணனின் அறுபதாம் கல்யாணத்தில் மறுபடியும் ரயில் கேட்டார்கள். தம்பி காய்ச்சலில் படுத்திருந்தார். அண்ணன் வியர்த்துப்போய் வாயைத் திறந்தார். ரயில் கிளம்பிவிட்டது. நாங்கள் திரைப்பக்கம் எட்டிப் பார்த்தோம். கூறைப் புடவையோடு அண்ணி நின்றிருந்தார், இரண்டு கைகளையும் வாயருகே குவித்தபடி. பெண் பார்த்த அன்று அதே சமையலறையில் காபி டபராவோடு நின்றவர் அவர்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

தம்பியின் ரயில் வழக்கமாகப் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நிற்கும். அண்ணியின் ரயில் நிற்கவில்லை.