அந்தப் புடிங் சின்னது என்று ஒருவரும் சொல்லவில்லை

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மழையிலும் வெள்ளவத்தைக்கு வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"டிசம்பர் விடுமுறையை நிறைவாக்குவது பண்டிகைக் கதைகளை வாசிப்பதா, உறவுகளோடு கூடிக் களிப்பதா?" என்பது தலைப்பு. நான் கதையின் பக்கம் நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி மூன்று விடயம் சொன்னார். வருடத்தில் கிடைப்பது ஒரு நீண்ட லீவு, அதிலும் புத்தகத்தோடு மூலையில் ஒதுங்கினால் உறவு எதற்கு என்று கேட்டார். நத்தார்க் கதை முழுக்கப் பனியும் புகைபோக்கியும்தான், கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே இருந்து அதை வாசிப்பதில் என்ன ஒட்டு இருக்கிறது என்றார். எல்லாக் கதைக்கும் ஒரே முடிவுதானே என்று முடித்துக் கைதட்டலும் வாங்கினார். நன்றாகவே பேசினார்.

தம்பி, முதல் கேள்வியில்தான் எனக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம். வாசிப்பு என்றால் தனியே, வாய் திறக்காமல் செய்கிற காரியம் என்று எடுத்துக்கொண்டீர்கள். இந்த மாதத்தில் நம்மவர்கள் கதையை அப்படி வாசித்ததில்லை. கார்த்திகைப் பூரணைக்கு அடுத்த பிரதமையில் தொடங்கி மார்கழி வளர்பிறைச் சட்டி வரை, இருபத்தொரு நாள், கோயில்களில் பிள்ளையார் கதை படிக்கிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள். சுன்னாகத்து வரதபண்டிதர் பாடி வைத்த கதை. ஒருவர் ராகம் இழுத்துப் படிப்பார், சுற்றியிருந்து மற்றவர்கள் கேட்பார்கள். என் அம்மா இடது கையில் 21 இழை நூல் காப்புக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் எங்களையும் இழுத்துக்கொண்டு போவார். படிப்பவர் ஓர் அடியை விட்டுவிட்டால் அம்மாவின் உதடு அந்த அடியைச் சொல்லிவிடும். அவ்வளவு மனப்பாடம். முடிவு தெரியாமலா போனார்? முடிவு தெரிந்துதான் ஒவ்வொரு வருடமும் போனார். கோயிலில் புராணம் படிக்கிற புராண படனத்திலும் ஒருவர் படிக்க இன்னொருவர் பயன், அதாவது பொருள், சொல்வார். கதை ஒன்றுதான், ஆனால் அந்த வருடத்துப் பயன் வேறு, கேட்கிற வீட்டின் கஷ்டம் வேறு. 'ஒரே முடிவு' என்ற உங்கள் மூன்றாவது குற்றச்சாட்டுக்கு என் பதில் அம்மாவின் அந்த உதடுதான்.

பிறந்த வீட்டில் பிள்ளையார் கதை. நான் மருமகளாகப் போனது கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்க வீட்டுக்கு. அங்கே பாலன் குடில், கரோல், நள்ளிரவுத் திருப்பலி. அந்த வீட்டு அலுமாரியில்தான் சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'கிறிஸ்மஸ் கரோல்' எனக்குக் கிடைத்தது.

நடுவர் அவர்களே, அந்தக் கதை பிறந்த விதத்தைச் சொல்ல வேண்டும், என் வாதத்தின் முதுகெலும்பே அதுதான். 1843இல் இங்கிலாந்தில் ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்த சிறுபிள்ளைகளைப் பற்றி அரசாங்க ஆணைக்குழு ஒன்றின் அறிக்கை வந்தது. அதைப் படித்த டிக்கன்ஸ் கொதித்துப்போனார். அவரே பன்னிரண்டு வயதில், அப்பா கடனுக்காகச் சிறையில் இருக்க, சப்பாத்து மை போத்தலுக்கு லேபல் ஒட்டிய பிள்ளை. ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதத்தான் முதலில் நினைத்தார். பிறகு அதை விட்டுவிட்டு, ஆறு வாரத்தில் இந்தக் கதையை எழுதினார். டிசம்பர் 19ஆம் திகதி வெளிவந்தது. நத்தாருக்கு முதல் நாளுக்குள் முதல் பதிப்பின் 6,000 பிரதியும் விற்றுத் தீர்ந்தன. துண்டுப்பிரசுரம் எழுதியிருந்தால் அந்தக் கிழமையோடு போயிருக்கும். அதை நத்தார்க் கதையாக எழுதியதால் நூற்றெண்பது வருடம் கழித்து நான் வெள்ளவத்தையில் நின்று அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கிறேன்.

அதோடு அவர் நிற்கவில்லை. பத்து வருடம் கழித்து, 1853 டிசம்பரில், பேர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் அந்தக் கதையைச் சபைக்கு முன் வாய்விட்டு வாசித்தார். ஓர் இரவைக் குறைந்த கட்டணத்தில் தொழிலாளர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார். எழுதியவரே கூட்டம் கூட்டி வாசித்த கதையை மூலையில் ஒதுங்குகிற கதை என்று எப்படிச் சொல்வது?

சரி, லண்டன் கதை போதும். எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

2022 டிசம்பர் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு இன்னும் நிற்காத காலம். முட்டை தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினோம். நத்தார் கேக் என்றால் என் மாமிக்கு ஒரு கணக்கு உண்டு. 25 முட்டை மஞ்சள் கரு, வறுத்த ரவை, கஜு, பிளம்ஸ், சௌசௌ, பூசணித் தோசி, எல்லாவற்றையும் பொடியாக வெட்டிப் பிரண்டியில் ஊறவைத்து, பத்து நாள் வீடே மணக்கும். அந்த வருடம் கிடைத்தது எட்டு முட்டை. கஜுவை வாங்கவே இல்லை. மாமிக்கு அப்போது எண்பது வயது. அந்தக் கேக்கை வெளியே எடுக்கவே அவருக்கு மனமில்லை.

24ஆம் திகதி பின்னேரம் ஒன்பது பேர் கூடியிருந்தோம். தம்பி சொன்ன உறவு எல்லாம் அங்கே இருந்தது. என்ன கதைத்தோம்? காஸ் விலை, யாருக்கு விசா வந்தது, யார் யாருக்குக் காசு தரவேண்டும். குரல் கொஞ்சம் ஏறவும் தொடங்கிவிட்டது. அந்த நேரம் கரண்ட் போயிற்று. நான் சார்ஜ் விளக்கைக் கொளுத்தி, மச்சாளின் மகளைப் பக்கத்தில் இருத்தி, கிராச்சிட் வீட்டு நத்தார் விருந்தை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன்.

பொப் கிராச்சிட் என்ற எழுதுவினைஞருக்குக் கிழமைக்கு 15 ஷில்லிங் சம்பளம், ஆறு பிள்ளைகள். துணியில் கட்டி அவித்த புடிங்கை எடுத்து வர வேண்டும். அந்தத் தாய்க்குப் பயம். யாரும் கூட வரவேண்டாம் என்று தனியாகப் போகிறாள். வேகாமல் இருந்தால்? திருப்பும்போது உடைந்தால்? யாராவது பின்வளவு மதிலேறி வந்து திருடியிருந்தால்? ஆவி பறக்கிறது, துணி அவிந்த வாசம் சலவை நாள் மாதிரி வருகிறது. புடிங் வந்து சேர்கிறது. அவ்வளவு பெரிய குடும்பத்துக்கு அது மிகச் சின்னப் புடிங். ஆனால் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. நினைக்கவும் இல்லை.

வாசித்து நிமிர்ந்து பார்க்கிறேன், மாமி குசினி வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "அந்த மனுசியும் பயந்துதான் இருந்திருக்கிறாள், என்ன?" என்றார். பிறகு உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அரை அங்குல உயரமும் வராத கேக். ஒன்பது துண்டு. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. விலையைப் பற்றிய கதையும் அதற்குப் பிறகு வரவில்லை. தம்பி, உறவுகள் அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே கூடியிருந்தன. எங்களை ஒரு வீடாக இருத்தியது நான் வாசித்த அந்தப் புத்தகப் பக்கம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐஸ்லாந்திலும் மற்றப் பொருளுக்குத்தான் கட்டுப்பாடு அதிகம், கடதாசி கிடைத்தது. அதனால் நத்தாருக்குப் புத்தகம் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் 24ஆம் திகதி இரவு புத்தகம் பரிமாறி வாசிக்கிறார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த வழக்கம்தான் அதுவும்.

இனிப் பனிக்கு வருகிறேன். பனி நமக்கு அந்நியம் என்றார் தம்பி. இந்தச் சபையில் பனி விழுகிற ஊரில் பிள்ளையோ சகோதரமோ இல்லாத வீடு எத்தனை? என் மூத்த மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். பேரனுக்கு ஏழு வயது. இங்கே விடியற்காலை ஆறரை, அங்கே முதல் நாள் இரவு எட்டு. அவன் படுக்கிற நேரம். நான் பிளேன்ரீயோடு வட்ஸ்அப்பில் கதை வாசிக்கிறேன். கடற்கரைப் பாதையில் ரயில் போனால் "அம்மம்மா, நிப்பாட்டுங்கோ, ரயில் போகட்டும்" என்பான். கதையில் பனி வருகிற இடத்தில் போனைத் தூக்கி ஜன்னலில் வைத்துக் காட்டுவான். புகைபோக்கி எனக்குத் தெரியாது, அவன் விளங்கப்படுத்துவான். துணியில் அவிப்பது அவனுக்குத் தெரியாது, பிட்டு அவிப்பதைச் சொல்லி நான் விளங்கப்படுத்துவேன். நேரே வந்து கூடிக் களிக்க முடியாத உறவுகளுக்கு, எதிரணி நண்பர்களே, உங்கள் பக்கத்தில் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? டிக்கெட் விலை உங்களுக்கும் தெரியும்.

இந்த வருடம் பேரன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான். கிராச்சிட் வீட்டுப் புடிங் வருகிற பக்கத்தை அவனே வாசிக்கப் போகிறானாம், தமிழில், எழுத்துக் கூட்டி. அதற்காக நான் அந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். 25ஆம் திகதி காலை ஆறரைக்கு, அவனுக்கு 24ஆம் திகதி இரவு எட்டு மணிக்கு, வாசிப்பு. மாமி இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார், என்றைக்கு என்று. தம்பி, நீங்களும் வாருங்கள், உங்களுக்கும் ஒரு கதிரை போட்டு வைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.