1 கிலோ வெள்ளிக்கு 75 கிராம் செம்பு சேர்த்தால் ஏன் கணக்குத் தவறுகிறது? வயதுவந்த தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான அடிப்படைத் திறன் கூடம்

(திரையில்: சேலம் செவ்வாய்ப்பேட்டை, வெள்ளி உருக்கும் பட்டறை)

வணக்கம். உங்களிடம் 1 கிலோ தூய வெள்ளி இருக்கிறது. அதில் செம்பு சேர்த்து 92.5 விழுக்காடு தூய்மையுள்ள வெள்ளியாக்க வேண்டுமென்றால், எத்தனை கிராம் செம்பு தேவை?

75 கிராம் என்று தோன்றுகிறதா? அவ்வளவு சேர்த்தால் மொத்த எடை 1,075 கிராம் ஆகிவிடும். அதில் வெள்ளியின் பங்கு 93 விழுக்காட்டைத் தாண்டிவிடும். செம்பையும் சேர்த்த மொத்த எடையில்தான் வெள்ளி 92.5 விழுக்காடாக இருக்க வேண்டும்; அதனால் சரியான விடை ஏறத்தாழ 81 கிராம். ஆனால் 75 என்று சொன்னவருக்கு விழுக்காடே தெரியாது என்று முடிவுகட்டுவது அநியாயம். 1,000க்கு 7.5 விழுக்காடு என்பது 75 என்று அவர் சரியாகவே கணக்கிட்டிருக்கிறார்; எந்த எடையின் மீது விழுக்காடு போட வேண்டும் என்ற ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார். அந்த ஒரே இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் அறைதான் இன்று நாம் பார்க்கவிருக்கும் அடிப்படைத் திறன் கூடம்.

இத்தகைய கூடத்தின் பின்னணி சுருக்கமானது. பாடத்தின் ஓர் அலகில் தேர்ந்த பிறகே அடுத்த அலகுக்குப் போவது, அவரவர் வேகத்தில் படிப்பது என்ற முறைகளை பெஞ்சமின் புளூம், பிரெட் கெல்லர் ஆகிய இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1968இல் தனித்தனியே எழுதி வைத்தார்கள்.

(திரையில்: 503 − 267)

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிட்டர் பயிற்சிக்கு வந்திருக்கும் இருவரிடம் இந்தக் கழித்தலைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். சரியான விடை 236. ஒருவர் 364 என்கிறார். மற்றவர் 336 என்கிறார். இருவருக்கும் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டால், இருவரும் ஒன்றுபோலவே தோற்றவர்களாகிவிடுவார்கள். ஆனால் விடைத்தாளை நிதானமாகப் பாருங்கள். முதலாமவர் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறார்: 7இலிருந்து 3, 6இலிருந்து 0, 5இலிருந்து 2. இரண்டாமவருக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவிலுள்ள பூஜ்யத்தை 9 ஆக்கிய அவர், 5ஐ 4 ஆகக் குறைக்க மட்டும் மறந்திருக்கிறார். ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய பிழைகளில் பல கவனக்குறைவால் வருவனவல்ல, தவறான ஒரு விதியை மாணவர் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதால் வருவன என்று காட்டியது. முதலாமவருக்கு இடமதிப்பைத் தொடக்கத்திலிருந்து சொல்லித் தர வேண்டும்; இரண்டாமவருக்குப் பூஜ்யத்தைத் தாண்டிக் கடன் வாங்கும் கணக்குகள் சில போதும். இருவரையும் ஒரே பாடத்தில் உட்காரவைத்தால், குடும்பத்தையும் வேலையையும் விட்டுவிட்டு மாலையில் வந்திருக்கும் ஒருவருடைய நேரத்தை நாம் வீணாக்குகிறோம்.

ஆகவே கூடத்தின் நுழைவுத் தேர்வில், விடையோடு வழியையும் எழுதச் சொல்ல வேண்டும். அதற்கு மதிப்பெண் பட்டியல் ஒட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பள்ளியில் பட்ட அவமானத்தை நாற்பது வயதில் மீண்டும் ஒருவர் சுமக்க வேண்டியதில்லை. தேர்வுக்குப் பின் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு, அதில் அவருக்குத் தேவையான பயிற்சித்தாள்கள் மட்டும். ஆசிரியர் கரும்பலகை முன்னால் நிற்காமல், ஒவ்வொருவர் பக்கத்திலும் அமர்ந்து, "இதை எப்படிப் போட்டீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும்.

பயிற்சித்தாளில் உள்ள கணக்கு அவரவர் தொழிலிலிருந்தே வர வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து வருபவருக்குப் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவைக் கணக்கைக் கொடுக்கலாம்: 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் சேர்ந்தது 1 விழுக்காட்டுக் கலவை என்றால், 15 லிட்டர் தெளிப்பானுக்கு எவ்வளவு? இரண்டிலும் 150 கிராம் என்ற விடையை அவர் தாமே கண்டடைந்தால், விகிதம் அவருக்கு வேற்றுப் பாடமாக இராது. எழுத்து, வாசிப்புக்கும் இதே வழிதான்: மருந்துப் பொட்டலத்தின் எச்சரிக்கை வரிகளை விடச் சிறந்த வாசிப்புப் பாடம் இல்லை.

ஓர் அலகை முடித்தவரை இரண்டு வாரம் கழித்து அதே வகைக் கணக்கில் மீண்டும் சோதியுங்கள். பழைய விதி திரும்பி வந்திருந்தால் அப்போதுதான் தெரியும்.

தொழிற்பயிற்சி நிலையத்திலோ பட்டறையிலோ சொல்லிக்கொடுப்பவரா நீங்கள்? உங்கள் மாணவர்கள் தடுமாறும் ஒரு கணக்கைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அவர்கள் எழுதிய தவறான விடையையும், அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.