கற்பனை நாட்டின் தெய்வங்களுக்கு யார் பொங்குவது?

(கிளிநொச்சியில் மாயப்புனைவு எழுத விரும்பும் இளையோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையில் உள்ள பெரியோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், எழுத வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

நீங்கள் எழுதித் தந்த கதைச்சுருக்கங்களை வாசித்துவிட்டே இங்கே வந்திருக்கிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு தெய்வப் பட்டியல் இருக்கிறது. தீக்கு ஒருவர், காற்றுக்கு ஒருவர், போருக்கு ஒருவர், காதலுக்கு ஒருத்தி, சாவுக்கு ஒருவர் என்று ஓர் அமைச்சரவையைப் போலத் துறைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பெயர்கள் அழகாக இருக்கின்றன. ஆயுதம், வாகனம், நிறம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் அந்தத் தெய்வங்களில் ஒன்றுக்காவது விடியற்காலையில் எழும்பி விளக்கு வைப்பவர் யார், அந்த எண்ணெயைக் கொடுப்பவர் யார், கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்ற விவரம் எந்தச் சுருக்கத்திலும் இல்லை. பல தெய்வங்களை வணங்கும் ஒரு சமயத்தைக் கற்பனையில் கட்டுகிறவர் முதலில் விடை காண வேண்டிய கேள்விகள் இவைதாம். தெய்வத்துக்கும் ஊருக்கும் இடையிலுள்ள கொடுக்கல் வாங்கல் தெளிவாகிவிட்டால், பெயரும் உருவமும் அதன் பின்னால் தாமாக வந்து சேரும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

வன்னியில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் இருக்கும் முறிகண்டிப் பிள்ளையாரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய கோயில்தான். ஆனால் வடக்கே போகிற வாகனமும் தெற்கே போகிற வாகனமும் அங்கே நிற்கின்றன, சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்துகிறார், தேங்காய் உடைகிறது, கூடவே கச்சானும் (நிலக்கடலை) வாங்கப்படுகிறது. அந்தப் பிள்ளையாரிடம் வீதியால் போகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: பயணம் பழுதில்லாமல் முடிய வேண்டும். குளக்கட்டில் மரத்தின் கீழ் இருக்கும் ஐயனாரிடம் கேட்கப்படுவது வேறு. குளம் உடையக்கூடாது, வான் (நிரம்பிய குளத்தின் மேலதிக நீர் வழியும் இடம்) பாய வேண்டும், மாடு கன்று காட்டிலிருந்து திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஓர் இருப்பிடமும், அந்த இடத்தைக் கடந்து போகிற அல்லது அந்த இடத்தை நம்பிப் பிழைக்கிற ஒரு கூட்டமும், அந்தக் கூட்டத்துக்கு ஒரு பயமும் இருக்கின்றன. இந்த மூன்றும் சேருமிடத்தில்தான் வழிபாடு தொடங்குகிறது.

கண்ணகி அம்மன் கோயில் கொண்டிருக்கும் வற்றாப்பளைக்கு வருவோம், அங்கே சற்று நின்று பார்ப்பது உங்களுக்குப் பயன்படும். நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்தாள். அவர்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டதும் விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்றார்கள், கடல்நீரை அள்ளி எரியுங்கள் என்றாள், விளக்கு எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிப் பார்த்த சிறுவர்கள் தலை முழுவதும் கண்களைக் கண்டார்கள். பெரியவர்களை அழைத்து வருவதற்குள் கிழவி மறைந்துவிட்டாள். இந்தக் கதையில் எத்தனை நுட்பம் இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். தெய்வம் ஏழைச் சிறுவர்களிடம் பசியோடு வருகிறது. அவர்களிடம் இல்லாத ஒன்றுக்கு ஈடாக, அந்த நிலத்தில் தாராளமாகக் கிடைக்கும் ஒன்றைக் காட்டுகிறது. பேன் பார்க்கும் நெருக்கத்தில் பயங்கரத்தை வெளிப்படுத்துகிறது. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கெரித்து, அங்கே பொங்கல் முடிந்த பின்னரே வற்றாப்பளையில் வளந்து (பொங்கல் பானை) ஏறுகிறது. அம்மனின் விளக்குக்குப் பிள்ளையாரின் வீடு இடம் கொடுக்கிறது. இரண்டு தெய்வங்களுக்கு இடையிலான உறவைக் காட்ட இதைவிடச் சிறந்த வழி இல்லை. யார் யாருக்கு மகன், யார் யாருக்கு மனைவி என்ற வமிசப் படத்தை வரைந்து தருவதைக் காட்டிலும், ஒருவருடைய விழாவில் மற்றவருக்கு என்ன முறை உண்டு என்று காட்டுவது வாசகர் மனதில் நிலைக்கும்.

நிலத்திலிருந்து தெய்வத்தைப் பிரிக்கக்கூடாது என்பதை தொல்காப்பியத்தின் பொருளிலக்கணமே சொல்லி வைத்திருக்கிறது. காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று நான்கு நிலத்துக்கும் அது தெய்வம் வகுத்தது. பாலைக்கு அது தெய்வம் சொல்லவில்லை. கொற்றவையைப் பிற்காலத்தவரே அங்கே வைத்தார்கள். இதிலிருந்து நீங்கள் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் உலகின் வரைபடத்தில் தெய்வமில்லாத ஒரு நிலம் இருக்கட்டும். கதை அங்கே போகும்போது பாத்திரங்கள் யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் தவிப்பார்கள். இரண்டாவது, தெய்வங்களுக்கும் காலம் உண்டு. வயலுக்குச் சொல்லப்பட்ட வேந்தனாகிய இந்திரனுக்கு இன்று நம் வயலூர்களில் கோயில் காண்பது அரிது. மறக்கப்பட்ட ஒரு தெய்வத்தின் வெறும் பீடம் உங்கள் கற்பனை நாட்டில் எங்காவது இருந்தால், அந்த நாட்டுக்குப் பழமை தானாக வந்துவிடும்.

அருள் கேட்பது மட்டுமே வழிபாடு என்று நினைப்பதும் குறைபாடே. பண்டைய ரோமர்கள் பயிரில் விழும் துருநோயை ஒரு தெய்வமாகவே கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 25ஆம் நாள் அதற்கு ஒரு நாயைப் பலியிட்டு, எங்கள் கதிர்களைத் தொடாதே என்று வேண்டினார்கள். வராதிருக்கும்படி ஒரு தெய்வத்துக்குப் படைப்பது அது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி, அம்மனைக் குளிர்வித்து அனுப்பிவைக்கும் நமக்கு அது வியப்பாக இராது.

இனி, நான் சொல்வதை ஒரு மாதிரியால் காட்டுகிறேன். நீரடுக்கு என்று ஒரு நாட்டை வைத்துக்கொள்வோம். அங்கே ஏழு குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேற்குளத்தின் வான் அடுத்த குளத்தை நிரப்புகிறது. ஏழாவது குளத்துக்குக் கீழே கடல். வானில் இரண்டு நிலாக்கள். இரண்டும் ஒருசேர நிறையும் இரவில் கடல் ஏறி ஏழாம் குளத்தின் துருசு (மதகு) வரை வந்துவிடும். இந்த நாட்டின் தெய்வங்களை நான் பட்டியலிடப் போவதில்லை. அங்கே வாழ்கிறவர் எதற்கெல்லாம் பயப்படுவார் என்று மட்டும் கேட்கிறேன். மேற்குளத்தார் தண்ணீரை மறித்துவிடுவார்களோ என்பது முதற்பயம். ஆகவே துருசைக் காக்கும் மடையாள் பிறக்கிறாள். அவளுடைய பூசாரி யார்? அதிகாரமுள்ள முதற்குளத்தில் இருந்து ஒருவர் வருவார் என்றுதான் முதலில் தோன்றும். நான் அதை மாற்றி, வாய்க்காலின் கடைசிக் காணியில் விதைக்கிற கமக்காரரே எப்போதும் மடையாளின் பூசாரி என்று விதிக்கிறேன். தண்ணீர் கடைசியாகச் சேரும் வயல்காரர் கையால் விளக்கு ஏற்றினால்தான் முதற்குளத்தின் துருசு திறக்கலாம். இந்த ஒரு விதியிலிருந்து ஓர் அரசியல் முழுவதும் விரிகிறது. பணக்காரர் சிலர் பூசாரிப் பட்டத்துக்காகவே கடைக்காணியை வாங்குவார்கள். முதற்குளத்தார் கடைக்காணிப் பெண்ணைத் தங்கள் வீட்டுக்கு மருமகளாக்கப் பார்ப்பார்கள். பூசாரி கோபித்துக்கொண்டு ஒரு விடியற்காலை வராமல் விட்டால், ஏழு குளத்து மக்களும் அவர் வாசலில் வந்து நிற்க வேண்டும்.

கடல் தெய்வத்துக்கு உவரன் என்று பெயர் வைக்கிறேன். அவனுக்குக் கோயில் கட்டக்கூடாது; கட்டினால் அவன் வந்து தங்கிவிடுவான். இரு நிலா நிறையும் இரவில் ஏழாம் குளத்துப் பெண்கள் ஒரு குடம் நன்னீரைக் கடலில் ஊற்றி, உன் பங்கு இது, இதற்கு மேல் ஏறாதே என்று சொல்லித் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள். காட்டுத் தெய்வம் முதிரையன். தேன் எடுக்கப் போகிறவர் ஒரு தேன்வதையை மரத்திலேயே விட்டுவர வேண்டும், காட்டுக்குள் அவன் பெயரைச் சொல்லவும் கூடாது. நம் களவெட்டியில் (சூடடிக்கும் களத்தில்) நெல்லைப் பொலி என்று சொன்ன தலைமுறையினரிடம் கேட்டுப்பாருங்கள். சில இடங்களில் சில சொற்களுக்கு வேறு சொல் வழங்குவது வழிபாட்டின் ஒரு பகுதி என்று சொல்வார்கள். நான்காவதாக, மூன்றாம் குளம் உடைப்பெடுத்த இரவில் உடைப்பை அடைக்கப் போய் மண்ணோடு போன ஓர் இளைஞன் இருக்கிறான். அவனுக்குக் கட்டின்மேல் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அவன் தெய்வமா, இறந்த பிள்ளையா என்பதில் ஊர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அவனுடைய தாய் உயிரோடு இருக்கும்வரை ஒருவரும் அவனைத் தெய்வமென்று உரக்கச் சொல்ல மாட்டார்கள். எனக்கு இந்தச் சமயத்தில் மிக விருப்பமான இடம் இதுதான். மனிதர் தெய்வமாகும் இடைக்காலத்தை எழுதுங்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்கிறேன். நம் மண்ணில் வாழ்ந்தவருக்கு அந்தக் காலத்தின் கனம் தெரியும்.

அடுத்து, இரண்டு சமூகங்கள் சந்திக்கும்போது அவர்களின் தெய்வங்களுக்கு என்ன ஆகும் என்பதைச் சிந்தியுங்கள். போரில் வென்ற தெய்வம் தோற்ற தெய்வத்தைக் கொல்வதாக எழுதுவதுதான் எளிது. வரலாறு பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. அனத்தோலியாவில் (இன்றைய துருக்கியில்) ஆண்ட இத்தைத்தியர்கள் (ஹிட்டைட்டுகள்) தங்கள் நாட்டுக்கு ஆயிரம் தெய்வங்கள் என்றே சொன்னார்கள். அயல்நாட்டுத் தெய்வங்களை ஏற்றுக்கொண்டபோது, அவற்றுக்கு அவற்றின் சொந்த மொழியிலேயே மந்திரம் சொன்னார்கள். கி.மு. 1259 அளவில் அவர்கள் எகிப்தின் இரண்டாம் ராம்சேசுடன் செய்த உடன்படிக்கைக்கு இரு நாட்டுத் தெய்வங்களும் சாட்சிகளாக அழைக்கப்பட்டன. தன் தெய்வத்தின் மேல் சத்தியம் செய்த அரசன் அதை மீறினால் தன் தெய்வத்துக்கே பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். நம் கண்ணகியையே பாருங்கள். சிங்கள மக்களிடம் அவள் பத்தினித் தெய்யோ. 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்தில் அவளுடைய கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களுக்கு மாறின. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அவள் கண்ணகியாகவே பொங்கல் வாங்குகிறாள். இருக்கை ஒன்றாக இருக்கப் பெயர் மாறலாம்; பெயர் ஒன்றாக இருக்கப் பூசை மாறலாம். உங்கள் நாட்டில் ஒரு தெய்வத்துக்காவது இப்படி இரண்டு பெயர்களும், எது சரி என்று சண்டையிடும் இரண்டு தெருக்களும் இருக்க வேண்டும்.

மாயப்புனைவுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. உங்கள் தெய்வங்கள் மெய்யாகவே வந்து பேசுமா? பேசும் என்று வைத்தால், நம்புவதா விடுவதா என்ற கேள்வி அங்கே எழாது. கீழ்ப்படிவதா, பேரம் பேசுவதா, ஏமாற்றுவதா என்ற கேள்விகளே மிஞ்சும். அதில் தவறில்லை, ஆனால் தெரிந்தே செய்யுங்கள். நீரடுக்கில் மடையாள் பதில் சொல்கிறாள்: பொய்ச்சத்தியம் செய்தவன் துருசைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் பின்னோக்கி ஓடும். முதிரையனோ ஒருபோதும் பதில் தந்ததில்லை. பதில் தரும் தெய்வத்தையும் தராத தெய்வத்தையும் ஒரே கிராமம் ஒரே கவனத்தோடு வணங்குவதை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். மடையாளிடம் மக்கள் வழக்கறிஞரைப் போல வார்த்தை அளந்து பேசுவார்கள். முதிரையனிடம்தான் மனம் விட்டு அழுவார்கள்.

கடைசியாக, இடம்பெயர்வு. கி.மு. 396இல் வேயி நகரை முற்றுகையிட்ட ரோமப் படைத்தலைவர் கமில்லுஸ், அந்நகரின் பெண்தெய்வமான யூனோவிடமே, எங்களோடு வா, உனக்கு ரோமில் கோயில் கட்டித் தருகிறோம் என்று வேண்டிக்கொண்டார். நகரம் விழுந்த பின், ரோமுக்கு வர விருப்பமா என்று ஓர் இளைஞன் சிலையிடம் கேட்டதாகவும், அது தலையசைத்ததாகவும் கதை சொன்னார்கள். அது வென்றவர்களின் கதை. ஊரை விட்டு எழும்பியவர்களின் கதை வேறு. 2008இலும் 2009இலும் போரின்போது சாமிப்படத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு நடந்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். தெய்வம் கூட வந்ததா, அங்கேயே இருந்ததா என்ற கேள்வியை எந்தக் கற்பனை நாட்டுக்காரரைக் காட்டிலும் நீங்கள் ஆழமாகக் கேட்க முடியும்.

நீரடுக்கில் அதை இப்படி அமைத்திருக்கிறேன். மூன்றாம் குளம் உடைந்தபோது அதன் மக்கள் குளக்கட்டில் பிடிமண் எடுத்துக்கொண்டு ஐந்தாம் குளத்துக்குப் போனார்கள். ஐந்தாம் குளத்தார் மறுக்கவில்லை. ஆனால் தங்கள் மடையாளுக்குப் படைத்த பின்னரே வந்த மடையாளுக்குப் படைக்க வேண்டும் என்றார்கள். முப்பது ஆண்டுகள் அப்படியே கழிந்தன. குளம் திருத்தப்பட்டு மக்கள் திரும்பியபோது, அந்தக் கட்டில் அவளுக்கு முப்பது பொங்கல் பாக்கி இருந்தது. எங்கள் மடையாள் எங்களோடுதான் வந்தாள், அங்கே இரண்டாம் படையல் உண்டாள், ஆகவே பாக்கி இல்லை என்கிறார்கள் இளையவர்கள். பிடிமண் போனாலும் கட்டு இங்கேதான் கிடந்தது, முப்பதும் பொங்காமல் துருசில் கை வைக்க விடமாட்டேன் என்கிறாள் கல்லாகி நிற்கும் இளைஞனின் தாய். விதைப்புக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது; முப்பது வளந்துக்கு ஊரில் அரிசி இல்லை; கடைக்காணிப் பூசாரியோ ஐந்தாம் குளத்திலேயே பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். அந்த ஊர்க்கூட்டத்தை யார் கூட்டுவது, அதில் யாருக்கு முதற்பேச்சு என்பதிலிருந்து நீங்கள் எழுதத் தொடங்கலாம்.