பீரங்கிக் கொட்டகையில் கலை, ஓடுபாதையில் புல்

நேயர்களுக்கு வணக்கம்.

ராணுவம் காலி செய்துவிட்டுப் போன இடத்தைக் கலைக்கும் இயற்கைக்குமான மையமாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கட்டடக் கலைஞரைத்தான் முதலில் தேடுகிறார்கள். தேட வேண்டியது அந்த இடத்தின் பழைய வரைபடங்களை. எரிபொருள் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது, சுடுதளத்தின் மண்மேடு எது, தீயணைப்புப் பயிற்சி எங்கே நடந்தது, கழிவை எந்தக் குழியில் கொட்டினார்கள் என்று தெரியாமல் ஒரு செடிகூட வைக்கக் கூடாது.

வெடிக்காத குண்டுகளைத் தேடுவது உரிமம் பெற்றவர்களின் வேலை. புதைந்த இரும்பைக் காட்டும் கருவியான காந்தமானியை வரிவரியாகக் கொண்டுபோய், சைகை வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகே தோண்டுவார்கள். எவ்வளவு ஆழம்வரை சோதித்தார்கள் என்பதை மறக்காமல் எழுதி வாங்குங்கள். அரை மீட்டருக்குச் சான்று வாங்கிய இடத்தில் சிற்பத்துக்கு ஒன்றரை மீட்டர் அஸ்திவாரம் எடுத்தால் அந்தச் சான்றால் பயனில்லை. சுடுதள மேட்டில் ஈயம் கிடக்கும். மண் அமிலத்தன்மை உடையதாக இருந்தால் கரைந்து கீழே இறங்கும். தீயணைப்பு நுரையில் இருந்த ஃபுளோரின் சேர்மங்கள் நிலத்தடி நீர்வரை போயிருக்கலாம். அங்கே குளம் வெட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

அடுத்து, நல்ல மண் என்று லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வேண்டவே வேண்டாம். பல பத்தாண்டுகளாக உழவும் உரமும் படாத நிலம் அது. சத்துக் குறைந்த மண்ணில்தான் பலவகைச் சிறுசெடிகள் ஒன்றையொன்று அமுக்காமல் வளரும். வளத்தைக் கூட்டினால் இரண்டு மூன்று முரட்டுப் புற்கள் மற்றதையெல்லாம் மூடிவிடும். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், போனாமெஸ் பகுதியில் இருந்த அமெரிக்க ராணுவ விமானத்தளத்தில், ஓடுபாதையின் ஒரு பகுதியை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டுவைத்தார்கள். மற்ற இடங்களில் கான்கிரீட்டைப் பல அளவுகளில் உடைத்து அங்கேயே போட்டுவிட்டார்கள். பெரிய பாளங்களுக்கு நடுவே ஒரு வகைச் செடி வரும், பொடி ஜல்லியில் வேறு வகை வரும். அப்புறப்படுத்தும் செலவும் மிச்சம்.

கட்டடங்களுக்கு வருவோம். டெக்சாஸ் மாநிலம் மார்ஃபாவில், பழைய ராணுவ முகாம் ஒன்றில் அமெரிக்கக் கலைஞர் டொனால்ட் ஜட் உருவாக்கிய கலை அருங்காட்சியகமான சினாட்டி அறக்கட்டளை 1986இல் திறக்கப்பட்டது. இரண்டு பீரங்கிக் கொட்டகைகளில் அவருடைய 100 அலுமினியப் பெட்டிகள் இருக்கின்றன. வண்டிக் கதவுகளை எடுத்துவிட்டுச் சன்னல் வைத்தார். தட்டைக் கூரை ஒழுகியதால் அதன்மேல் துத்தநாகம் பூசிய இரும்பில் வளைகூரை போட்டார். ஜெர்மன் போர்க்கைதிகள் அங்கே இருந்த காலத்துச் சுவர் வாசகங்களை அழிக்கவில்லை. 'தலையை இழப்பதைவிடப் பயன்படுத்துவது மேல்' என்கிறது ஒன்று.

பங்கர் என்னும் கான்கிரீட் பதுங்கறையின் கதை வேறு. கோடையில் ஈரம் போகட்டும் என்று கதவைத் திறந்துவைப்பார்கள். சுவரெல்லாம் வேர்த்துக் கொட்டும். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 19.5 டிகிரி. உள்ளே சுவர் 12 டிகிரியில் இருந்தால் வருகிற காற்றின் ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படியும். வெளிக்காற்றின் பனிநிலை சுவரின் வெப்பநிலையைவிட இரண்டு மூன்று டிகிரியாவது குறைவாக இருக்கும்போது மட்டும் விசிறி ஓட வேண்டும். உள்ளே ஓர் உணரி, வெளியே ஓர் உணரி இருந்தால் அதைத் தானாகவே ஓடவைக்கலாம். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் கொப்பளித்து உரியும், சுண்ணாம்பு அடியுங்கள். காகித ஓவியம், துணி, மரம் எதுவும் இங்கே ஆகாது. கல், கண்ணாடி, சுட்ட மண் தாங்கும்.

குளிர் நாடுகளில் இதே ஈரமும் குளிரும் வௌவால்களுக்குத் தோதானவை. ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை அவை உறங்கும். வெளிச்சமோ சத்தமோ எழுப்பிவிட்டால் சேர்த்துவைத்த கொழுப்பு தீர்ந்து, குளிர்காலம் முடியுமுன்பே செத்துப்போகலாம். வாசலுக்கு முழுக்கதவு போடாமல் கிடைக்கம்பிக் கிராதி போடுங்கள். கம்பிகளுக்கு இடையே 13 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி போதும்: வௌவால் நுழையும், ஆள் நுழைய முடியாது. எந்த அறை யாருக்கு, எந்த மாதங்களில் பூட்டு என்பதைக் கலைஞருடன் போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒலிபெருக்கியை மாட்டிய பிறகு பேசினால் தகராறுதான்.