மகள் கேட்ட கேள்வி
(காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, மாணவச் செல்வங்களே!

நம் வீட்டு வளவில் மாட்டியிருக்கும் ரவிவர்மா படத்து லட்சுமி, எந்தத் தூணருகே நின்றாலும் நம்மையே பார்ப்பாள். முதல் உலகப் போர் தொடங்கிய புதிதில், 1914 செப்டம்பரில், லண்டன் வார இதழ் ஒன்றின் அட்டைக்கு ஆல்ஃபிரட் லீட் வரைந்த பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவிடமும் அதே வித்தைதான் இருந்தது. கூடவே நீட்டிய விரல். கூட்டத்தோடு நிற்பவனைப் பிரித்தெடுத்து, 'படைக்குக் கூப்பிடுவது உன்னைத்தான்' என்றது அந்த விரல். 1917-18இல் அமெரிக்கர்கள் அதையே தங்கள் நாட்டின் உருவகமான அங்கிள் சாமாக மாற்றி நாற்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சிட்டார்கள். வரைந்த ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக், தன் முகத்துக்கே வயதையும் வெள்ளைத் தாடியையும் கூட்டிக்கொண்டார். மாடலுக்குக் கொடுக்கும் கூலி மிச்சம்!

எதிரியைக் கொரில்லாவாக வரைந்த படங்களும் உண்டு. அவை முரட்டு வேலை, பார்த்ததுமே புரிந்துவிடும்.

எனக்கு அச்சம் தருவது, பிரிட்டனில் படைக்கு ஆள் சேர்க்க 1915இல் சேவில் லம்லி வரைந்த சுவரொட்டி. அதில் துப்பாக்கி ஏந்திய வீரன் இல்லை, எதிரி இல்லை. சாய்வு நாற்காலியில் அப்பா; மடியில் புத்தகத்துடன் மகள்; தரையில் பொம்மைச் சிப்பாய்களோடு மகன். "அப்பா, அந்தப் பெரிய போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்கிறாள் மகள். நம் ஊர்ப் பிள்ளை என்றால் "அப்பச்சி" என்று தொடங்கியிருக்கும். அந்த மனிதர் மகளைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, நம்மைப் பார்க்கிறார். பதில் இல்லாத முகம்.

இதில் ஒளிந்திருக்கும் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். படத்தில் போர் முடிந்துவிட்டது. வீடு அப்படியே இருக்கிறது, பிள்ளைகள் நலம். போருக்குப் போகாதவன் வெட்கப்படுகிறான், அவ்வளவுதான். போனவன் திரும்பாமலும் இருக்கலாம் என்ற கணக்கு அந்தச் சித்திரத்தில் எங்கும் இல்லை. 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்களின் வீடுகள் நம் ஊர்களில் இருக்கின்றன. போர் முடிந்தபின் எல்லா நாற்காலிகளும் நிரம்பியிருக்காது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சரி, வெட்கம் வேலை செய்ததா? பிரிட்டனில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தாமாகவே படையில் சேர்ந்தார்கள். அதில் சுவரொட்டிக்கு எவ்வளவு பங்கு, வேலையின்மைக்கும் ஊர்ப்பேச்சுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணிக்கையும் போதவில்லை. 1916 ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. முதலில் மணமாகாதவர்களை அழைத்தார்கள். மே மாதம் மணமானவர்களையும். மகளின் கேள்விக்கு அசையாத அப்பாக்களுக்குச் சட்டம் ஆணையே அனுப்பிவிட்டது.