அம்மா உட்கார்ந்து சாப்பிட்ட இடம்

அவையில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம். இரவு ஏழரை மணிக்குக் கூட்டத்தை வைத்துவிட்டு, சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னை மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். பாவம் உங்கள் வயிறு. ஆனால் முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான். மணி அடிக்கும்வரை நிறுத்திப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஒருவரைப் பார்த்தால் நாம் என்ன கேட்கிறோம்? "பசியாறிட்டீங்களா?" தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த என் சம்பந்தி வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, "என்ன அழகான சொல்லுங்க இது!" என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கேட்பது "சூடா மாக்கான்?" அதுவும் சாப்பிட்டாயிற்றா என்ற விசாரிப்புதான். இந்த மலேசியாவில் நலம் விசாரிப்பதென்றால் வயிற்றை விசாரிப்பது.

மலாய்த் தெருக்கடைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே நம்மவர்கள் உடனே சொல்லாராய்ச்சிக்குப் போய்விடுவார்கள். குச்சியில் குத்தித் தணலில் சுடுகிற இறைச்சி இருக்கிறதே, அந்தச் சாத்தே என்ற சொல் நம் 'சதை'யிலிருந்து வந்தது என்று மேடைக்கு மேடை கேட்டிருப்பீர்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது, அதனால் நான் அந்தப் பெருமையைக் கேட்டு வாங்கப் போவதில்லை. கெடாய் நம் கடை, காரி நம் கறி, அப்பாம் நம் அப்பம். இவற்றில் யாருக்கும் தகராறு இல்லை. அது போதும். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் வீட்டில் அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவார். உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அப்பா, அப்புறம் அண்ணன்கள், அப்புறம் நானும் தங்கையும், பிறகு யாராவது வந்துவிட்டால் அவர்கள். எல்லாம் முடிந்து, அடிச்சட்டியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் உட்காருவார். அவர் மேசையில் உட்கார்ந்து, வேறொருவர் தட்டு வைத்து, சூடாகச் சாப்பிட்டதை நான் முதன்முதலில் பார்த்த இடம் எங்கள் வீடு இல்லை. காஜாங்கில் ஒரு சாத்தே கடை.

1970களின் தொடக்கம். அப்பாவுக்கு ரப்பர்த் தோட்டத்தில் வேலை. சம்பளம் போட்ட சனிக்கிழமை பஸ் பிடித்துக் காஜாங் பட்டணத்துக்குப் போவோம். சாவகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அந்த ஊரில் சாத்தேயை வேரூன்ற வைத்தன. இன்றைக்கும் நாட்டில் பல இடங்களில் 'சாத்தே காஜாங்' என்று பலகை வைத்து விற்கிறார்கள். தெருவுக்குள் திரும்பும் முன்பே புகை வந்து கையைப் பிடித்து இழுக்கும். நீளமான தகர அடுப்பு, உள்ளே கரித் தணல். பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே ஒருவர் இருப்பார். செரை என்கிற எலுமிச்சைப்புல் தண்டின் அடியை நசுக்கித் தூரிகை மாதிரி ஆக்கி வைத்திருப்பார். அதை எண்ணெயில் தோய்த்து இறைச்சி மேல் ஒரு தடவு. எண்ணெய் தணலில் சொட்டும், குப்பென்று ஒரு தீ நாக்கு எழும், விசிறி அதை அடக்கும். மஞ்சளும் மல்லியும் சோம்பும் தீயில் கருகுகிற வாசனை இருக்கிறதே, அது நம் வீட்டு மசாலாவின் வாசனைதான். ஆனால் நம் வீட்டில் அது குழம்புக்குள் இருக்கும், அங்கே நேராகத் தீயில் இருக்கும்.

தொட்டுக்கொள்ளக் கடலைக் குழம்பு, குவா காச்சாங். வறுத்து இடித்த நிலக்கடலை, மிளகாய், புளி, கொஞ்சம் கரும்பழுப்பு வெல்லம். நிலக்கடலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஆகவே 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்னால் இப்படியொரு குழம்பு இங்கே இருந்திருக்க வழியில்லை. 'ஆதிகாலத்துச் சாப்பாடு' என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே அழுத்திக் கட்டியாக்கித் துண்டு போட்ட சோறு, நாசி இம்பிட். பச்சை வெங்காயம், வெள்ளரிக்காய்.

அந்தக் கடையில் தின்று முடித்த பிறகு குச்சியை எண்ணித்தான் காசு. அதனால் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. பக்கத்தில் இருப்பவர் பார்க்காத நேரத்தில் நம் குச்சியை அவர் தட்டில் போட்டுவிடுவது. மொத்தக் கணக்கு மாறாது, காசு கொடுப்பது அப்பாதான், இருந்தாலும் "நீதான் தின்னிப் பண்டாரம்" என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டுமே! அண்ணன் இதில் கைகாரன். அம்மா தட்டில் மட்டும் எப்போதும் மூன்று குச்சி. அதற்கு மேல் ஒன்றுகூட இராது. "எனக்குப் போதும், எனக்குப் போதும்" என்று சொல்லிக்கொண்டே, எங்கள் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் குழம்பைச் சோற்றுத் துண்டால் துடைத்துச் சாப்பிடுவார். அவரை உட்கார வைக்கக் கடையால் முடிந்தது. பில் எவ்வளவு ஆகும் என்ற கணக்கை அவர் தலையிலிருந்து எடுக்க முடியவில்லை.

தோட்டத்து முச்சந்தியில் ஒரு மாக்சிக், அதாவது வயதில் மூத்த மலாய்க்கார அம்மாள், வாழைப்பழம் பொரித்து விற்பார். பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு பெரிய சட்டி, ஒரு குடை, அவ்வளவுதான். அவர் பொரிப்பது அப்படி மொறுமொறுவென்று இருக்கும், ஆறினாலும் தொய்யாது. அம்மா வீட்டில் எத்தனையோ தரம் செய்து பார்த்தார், வரவில்லை. ஒருநாள் மாக்சிக்குக்குச் சுண்ணாம்பு தீர்ந்துபோய்விட்டது. அம்மாவின் இடுப்பில் வெற்றிலைப் பை இருப்பது அவருக்குத் தெரியும், கை நீட்டிக் கேட்டார். அம்மா கொடுத்தார். வெற்றிலை போடத்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்த அம்மா, அந்தச் சுண்ணாம்பு விரல் நுனியளவு அரிசிமாவுக் கரைசலுக்குள் போவதைப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். ரகசியம் அத்தனை நாளும் தன் மடியிலேயே இருந்திருக்கிறது!

மாக்சிக் அம்மாவை 'அக்கா' என்று கூப்பிடுவார். தமிழ்ப் பெண்களை மலாய்க்காரர்கள் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். அம்மா அவரைக் 'காக்' என்பார். மலாயில் அதற்கும் அக்கா என்றுதான் பொருள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருபது வருடம் ஓட்டினார்கள். யார் மூத்தவர் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

நாசி லெமாக்கைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை வெளியே விடமாட்டீர்கள். தேங்காய்ப்பாலில் பாண்டான் இலை போட்டு வேகவைத்த சோறு, பொரித்த நெத்திலி, கடலை, வெள்ளரிக்காய், பாதி முட்டை. இதெல்லாம் பக்கவாத்தியம்தான், கச்சேரி சம்பல். காய்ந்த மிளகாயை வேகவைத்து, விதையைக் கழுவிப் போக்கி, வெங்காயத்தோடும் பெலாச்சானோடும் அரைத்து, தாராளமாக எண்ணெய் விட்டு, சின்னத் தீயில் வதக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எதுவரை? 'பெச்சா மிஞாக்' என்பார்கள், எண்ணெய் உடைகிறவரை. நம் அம்மாமார்கள் "எண்ணெய் பிரிஞ்சு வரணும்" என்று சொல்வதும் இதைத்தான். அவசரப்பட்டு இறக்கிய சம்பல் வயிற்றைக் கலக்கிவிடும், மேலே எத்தனை நெத்திலி போட்டாலும் சரி. வாழையிலையில் கூம்பு மாதிரி மடித்து, மேலே செய்தித்தாள் சுற்றிக் கட்டிய பொட்டலம் இப்போது குறைந்துவிட்டது. பழுப்புத் தாளில் உள்பக்கம் பிளாஸ்டிக் பூசி வருகிறது. சூட்டில் இலை வாடி அந்த வாசனை சோற்றில் இறங்குமே, அது இதில் ஏது? இந்த ஒரு விஷயத்தில் நான் பழைய ஆள்தான், திருத்த முடியாது.

2024இல் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய் என்கிற பரோட்டா, தே தாரேக் என்கிற இழுத்து ஆற்றும் தேநீர் எல்லாம் அதில் அடக்கம். சிங்கப்பூர் தன் உணவங்காடிப் பண்பாட்டை 2020லேயே சேர்த்துவிட்டது. எது யாருடையது என்று இரண்டு நாட்டுக்காரர்களும் சண்டை போடட்டும், நாம் அதற்குள் இன்னொரு பொட்டலம் பிரிக்கலாம். நாற்காலி இன்னும் அதே பிளாஸ்டிக் நாற்காலிதான்.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். ஒரு புரட்டாசி மாதம் அத்தை எங்களோடு வெளியே வந்தார். கடையின் பெயர் வேண்டாம். "சாயூர் சஹாஜா, காய்கறி மட்டும்" என்று மூன்று தரம் சொன்னோம். தலையாட்டிவிட்டுப் போன தம்பி, தளதளவென்று கங்கோங் கீரை வதக்கிக் கொண்டுவந்து வைத்தார். அத்தை இரண்டு வாய் சாப்பிட்டு, "ஏதோ கருவாட்டு வாசனை வருதே" என்றார். பெலாச்சான்! பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்துச் செய்வது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டால் அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "இறைச்சி போடலையே, மீன் போடலையே" என்கிறார். அவருக்குப் பெலாச்சான் உப்பு மாதிரி. உப்பைப் போய் யாராவது அசைவம் என்பார்களா? அத்தை அந்த வருடம் விரதத்தை முதலிலிருந்து தொடங்கினார். இப்போது நாங்கள் பெலாச்சான், நெத்திலி, இறால் என்று பெயர் பெயராகச் சொல்லி வேண்டாம் என்கிறோம். அதேபோல 'டாகிங்' என்றால் இந்தக் கடைகளில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. மாடு சாப்பிடாதவர்கள் ஆயாம், கம்பிங் என்று கோழியையும் ஆட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சரி, கம்போங் பாருவுக்கு வருகிறேன். கோலாலம்பூரின் நடுவில் இருக்கிற மலாய்க் கிராமம். பிரிட்டிஷ்காரர்கள் 1900 வாக்கில் மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு. ஒரு பக்கம் மரவீடு, கோழி, மாமரம். தலையைத் தூக்கினால் 452 மீட்டர் உயரத்துக்குப் பெட்ரோனாஸ் கோபுரங்கள். நோன்பு மாதத்தில் அங்கேயுள்ள ஜாமெக் பள்ளிவாசலில் அண்டா அண்டாவாக புபூர் லம்போக் கிண்டி இலவசமாகக் கொடுப்பார்கள். நம் தமிழ் முஸ்லிம்களின் நோன்புக் கஞ்சிக்கு அது ஒன்றுவிட்ட தங்கை.

என்னோடு பள்ளியில் வேலை செய்த மலாய்த் தோழி ஒருத்தி, ஒரு ரமலானில் எங்கள் குடும்பத்தை அங்கே நோன்பு திறக்கக் கூப்பிட்டாள். தெருவோரக் கடை, இரண்டு மேசையை ஒட்டிப்போட்டுப் பதினொரு பேர் உட்கார்ந்தோம். சாப்பாடு ஏழு மணிக்கே வந்துவிட்டது. சுட்ட மீன், சம்பல், சோறு, ரோஜாப்பூ நிறத்தில் பாண்டூங் சர்பத், ஒரு தட்டில் பேரீச்சம்பழம். பாங்கு சொல்ல இன்னும் இருபது நிமிடம் இருந்தது. யாரும் தொடவில்லை. "நீங்கள் சாப்பிடுங்கள், உங்களுக்கென்ன?" என்று தோழியின் மாமியார் மலாயில் அம்மாவிடம் சொன்னார். அம்மா "தா ஆப்பா, தா ஆப்பா, பரவாயில்லை" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். காத்திருப்பது அம்மாவுக்குப் புதிதா என்ன? வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கக் காத்திருந்தவர். ஆனால் அன்றைக்குத்தான் மற்ற பத்துப் பேரும் அவரோடு சேர்ந்து காத்திருந்தார்கள். என் அப்பா உட்பட. அப்பா மீனையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

பாங்கு கேட்டது. தோழியின் மாமியார் பேரீச்சம்பழத் தட்டை எடுத்தார், முதலில் அம்மா பக்கம் நீட்டினார். அம்மா பழக்கதோஷத்தில் அதை அப்பா பக்கம் தள்ளப்போனார். அந்த அம்மாள் விடவில்லை. தட்டை அம்மாவுக்கு நேரே பிடித்துக்கொண்டு "ஆம்பில்லா, அக்கா" என்றார். எடுத்துக்கோங்க அக்கா. அம்மா எடுத்தார். அப்பாவுக்கு முன்னால் அம்மா சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். பழத்தைக் கடித்தபடி அம்மா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லார் வாயும் அசைந்துகொண்டிருந்தது, யாரும் யாருக்கும் பரிமாறவில்லை.

அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. அம்மாவுக்கு எண்பத்து நான்கு. போன மாதம் பேரப்பிள்ளைகளோடு மறுபடியும் காஜாங் போனோம். இப்போதெல்லாம் முதலிலேயே இத்தனை குச்சி என்று சொல்லிக் காசு கட்டிவிடுகிறோம், எண்ண வேண்டிய அவசியமில்லை. இருந்தாலும் என் மகன் விடுவானா? தட்டுத் தட்டாக எண்ணிக்கொண்டே வந்தான். மாமா பத்து. அத்தை எட்டு. தனக்குப் பதினைந்து. பாட்டி மூன்று.

"பாட்டி, மூணுதானா?" என்றான். எனக்குப் பழைய ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. "அம்மாவுக்கு எப்பவும் மூணுதான்டா" என்று சொல்லிவிட்டு என் தட்டின் பக்கம் திரும்பினேன். நான் சாப்பிட்டது ஆறு, எனக்கு நன்றாகத் தெரியும். என் தட்டில் பதினைந்து குச்சி கிடந்தது. அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.