கோல்லத்தின் கால் ஏன் இடறியது? ('தற்செயலே' அணியின் பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். காவியக் கற்பனைக் கதைகளை நடத்துவது விதியா, தற்செயலா என்பது தலைப்பு. தற்செயலே என்று சொல்ல வந்திருக்கிறேன். முதலில் ஒரு கதை சொல்லிவிடுகிறேன், அப்புறம் வாதத்துக்கு வருகிறேன்.

1937-இல் வெளிவந்த, ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவல். மலைக்கு அடியில் கும்மிருட்டு. பில்போ என்ற குள்ள மனிதர் கூட வந்தவர்களைத் தவறவிட்டு, சுரங்கப் பாதையில் தவழ்ந்து போகிறார். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே தெரியவில்லை. தரையைத் தடவிய கையில் சில்லென்று ஒரு மோதிரம் தட்டுப்படுகிறது. எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். அவ்வளவுதான்.

கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரி. அங்கே கோல்லம். இருட்டில் மினுங்கும் இரண்டு கண்கள், தீராத பசி. "விடுகதை போடலாம். நீ தோற்றால் உன்னைத் தின்பேன். நான் தோற்றால் வெளியே போக வழி காட்டுவேன்" என்கிறது. மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். கடைசியில் கோல்லம் ஒன்று போட்டது. அது பறவையைத் தின்னும், மரத்தைத் தின்னும், இரும்பைக் கடிக்கும், அரசனைக் கொல்லும், மலையையும் மண்ணாக்கும். அது என்ன?

பில்போ யோசிக்கிறார். தனக்குத் தெரிந்த அரக்கன், பூதம் எல்லாவற்றையும் நினைத்துப் பார்க்கிறார். எதுவும் பொருந்தவில்லை. கோல்லம் படகை விட்டு இறங்குகிறது. தண்ணீரில் அதன் கால் சத்தம் கேட்கிறது. கண்கள் கிட்டே வருகின்றன. "இன்னும் கொஞ்சம் நேரம் கொடு" என்று கத்தப் பார்க்கிறார். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "நேரம்! நேரம்!" என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

அவையோரே, விடையே அதுதான்!

எல்லாவற்றையும் தின்று தீர்ப்பது நேரம்தானே? இன்னொரு முறை சொல்கிறேன், கேளுங்கள். அவருக்கு விடை தெரியாது. விடை சொல்லவும் இல்லை. அவர் கேட்டது அவகாசம். பாதி வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது, மீதிப் பாதி அவர் உயிரைக் காப்பாற்றிவிட்டது. வாக்கியம் முழுசாக வந்திருந்தால் பில்போ அன்றிரவே கோல்லத்தின் வயிற்றுக்குள் போயிருப்பார். அந்த இடத்தில் டோல்கீன் என்ன எழுதுகிறார் தெரியுமா? வெறும் அதிர்ஷ்டம்தான் பில்போவைக் காப்பாற்றியது என்று எழுதுகிறார். கதையைச் சொல்பவரே, தன் குரலில், சொல்கிறார்.

எதிரணி உடனே கேண்டால்ஃப் என்ற மந்திரவாதியைச் சாட்சிக்கு அழைத்தார்கள். 1954-இல் வரத் தொடங்கிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில், அந்த மோதிரம் பில்போவின் கைக்குத்தான் வரவேண்டும் என்று இருந்தது, உன் கைக்கும் அப்படித்தான், இது தைரியம் தரும் நினைப்பாக இருக்கலாம் என்று அவர் பில்போவின் வாரிசான ஃப்ரோடோவிடம் சொல்கிறார். சரி, சொல்கிறார். ஃப்ரோடோ என்ன பதில் சொன்னார்? "இல்லை." சுமக்கப் போகிறவர் அவர். விதி என்ற பேச்சு அவருக்குத் தைரியம் தரவில்லை. எதிரணி கேண்டால்ஃபின் வரியைப் படித்துவிட்டு, அடுத்த வரியைப் படிக்காமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்து, எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். அரங்கமே சிரித்தது. "கடைசியில் கோல்லம் கால் இடறி நெருப்பில் விழுந்து கதை முடிகிறது என்றால் அதற்கு ஆயிரம் பக்கம் எதற்கு? ஒரு வாழைப்பழத் தோல் போதாதா?"

அண்ணே, அந்த ஆயிரம் பக்கம் எதற்கு என்று நான் சொல்கிறேன்.

எரிமலையின் விளிம்பில் ஃப்ரோடோ நிற்கிறார். உலகையே அடிமைப்படுத்தக்கூடிய அந்தத் தீய மோதிரத்தை நெருப்பில் எறிந்து அழிக்க வேண்டும். அவரால் முடியவில்லை. இது என்னுடையது என்கிறார். அத்தனை தூரம் நடந்து வந்தவர் கடைசி அடியில் தோற்றுவிட்டார். அப்போது கோல்லம் பாய்ந்து, விரலோடு மோதிரத்தைக் கடித்துப் பிடுங்கி, ஆனந்தக் கூத்தாடி, கால் தவறி உள்ளே விழுகிறது. மோதிரம் அழிகிறது.

கோல்லம் அந்த விளிம்புக்கு எப்படி வந்தது? அன்றைக்கு அந்தக் குகையிலேயே பில்போ அதைக் கொன்றிருக்கலாம். கையில் வாள் இருந்தது. மோதிரத்தைப் போட்டதால் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் இருட்டில் தனியே கிடந்து கெட்டுப்போன அந்த வாழ்க்கையை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. தாண்டிக் குதித்து ஓடிவிட்டார். பின்னால் ஃப்ரோடோ விட்டார். வழியில் எதிர்ப்பட்ட படைத்தலைவர் ஃபராமிர் விட்டார். ஃப்ரோடோவோடு கூட நடந்த, கதை முழுக்க அதை வெறுத்த சாம்கூட, எரிமலைச் சரிவில் வாளை ஓங்கிவிட்டு வெட்டமுடியாமல் நின்றார். கொஞ்ச காலம் அந்த மோதிரத்தைத் தானும் சுமந்ததால், அந்த வேதனை அவருக்குப் புரிந்தது. இந்த நால்வரில் ஒருவர் வெட்டியிருந்தாலும் விளிம்பில் கோல்லம் இல்லை, உலகமும் இல்லை. நால்வரில் எவருக்கும் இது இப்படி முடியும் என்று தெரியாது. பலன் தெரியாமல் இரங்கினார்கள். எல்லாம் முன்பே எழுதி வைத்தது என்றால் அந்த இரக்கம் எழுதிக் கொடுத்த வசனம் ஆகிவிடும். பில்போவிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. வாழைப்பழத் தோலை யார் வேண்டுமானாலும் போடலாம், அண்ணே. விழுகிறவனை அதுவரை உயிரோடு விட்டுவைக்கத்தான் ஆயிரம் பக்கம் வேண்டும்.

நடுவர் அவர்களே, இனி கதையை விட்டுவிடுகிறேன். அதை எழுதிய மனிதரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பர்மிங்காமில் ஒரே பள்ளியில் படித்த நான்கு நண்பர்கள். ராப் கில்சன், ஜெஃப்ரி ஸ்மித், கிறிஸ்டஃபர் வைஸ்மன், டோல்கீன். முதல் உலகப் போர் வந்தது. 1916 ஜூலை 1, பிரான்ஸில் நடந்த சோம் போரின் முதல் நாளிலேயே கில்சன் இறந்தார். அக்டோபர் கடைசியில் டோல்கீனுக்குப் பதுங்குகுழிக் காய்ச்சல். பேன்களால் பரவும் நோய் அது. நவம்பரில் கப்பலேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாதக் கடைசியில், போர்முனைக்குப் பின்னால் ஒரு சாலையில் நடந்துகொண்டிருந்த ஸ்மித்தின் மேல் குண்டுச் சிதறல் பட்டது. டிசம்பர் 3-ஆம் தேதி அவரும் போய்விட்டார். கடற்படையில் இருந்த வைஸ்மன் பிழைத்தார்.

ஒருவரைப் பேன் கடித்தது, இன்னொருவரைக் குண்டு தொட்டது. எதிரணி நண்பர்களே, டோல்கீன் பிழைக்க வேண்டியவர், உங்கள் பிள்ளை சாக வேண்டியவன் என்று ஸ்மித்தின் தாயிடம் போய்ச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வராது. அப்படி ஒரு கணக்கை எழுதியவன் எவனாக இருந்தாலும் அவனை நான் கும்பிட மாட்டேன்.

அந்த ஸ்மித், 1916 பிப்ரவரியில் இரவு ரோந்துக்குக் கிளம்பும் முன் டோல்கீனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் திரும்பாமல் போனால், நான் சொல்ல முயன்றதை எல்லாம் நான் இல்லாத காலத்தில் நீ சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கில்சனுக்கோ ஸ்மித்துக்கோ அந்தக் காய்ச்சல் வந்து டோல்கீன் அங்கேயே நின்றிருந்தால், இன்று நாம் விவாதிக்க இந்தக் கதையே இருந்திருக்காது. வேறு யாரோ எழுதிய வேறு கதை இருந்திருக்கும். பிழைத்தவர் அந்தக் கடிதத்தை மறக்கவில்லை. 1918-இல் ஸ்மித்தின் கவிதைகள் புத்தகமாக வரத் துணைநின்று, அதற்கு ஒரு முன்குறிப்பும் எழுதினார். பிறகுதான் ஹாபிட்டும் ஃப்ரோடோவும் எல்லாம்.

நடுவர் அவர்களே, எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தாருங்கள். வணக்கம்.